ரேசி என்றால் ஆபாசமா, விறுவிறுப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர், ஏ, சி, ஒய். நாலே எழுத்துதான். ஆனால் சப்டைட்டில் எழுதுகிற என் வேலையில் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிய அளவுக்கு வேறு எதனோடும் மல்லுக்கட்டியதில்லை. ஒருவர் ஆபாசம் என்பார், இன்னொருவர் விறுவிறுப்பு என்பார், மூன்றாமவர் பந்தயக் கார் சம்பந்தப்பட்டது என்று அடித்துச் சொல்வார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

சரி, சுருக்கமாகச் சொல்லுங்கள். ரேசி என்றால் என்ன?

லேசாகக் கிளுகிளுப்பூட்டுகிற, அவ்வளவுதான். படம், பாட்டு, கதை, விளம்பரம், ஜோக், உடை எதற்கு முன்னாலும் போடலாம். "லேசாக" என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது இல்லாவிட்டால் இந்தச் சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரே காட்சியை மூன்று விதமாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மழைக்கு ஒதுங்குகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், அவன் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போடுகிறான், அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். இது காதல் காட்சி. அதே மழை, சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது, மேல் பட்டன் ஒன்று திறந்திருக்கிறது, "குளிருதா?" என்ற கேள்விக்கு அவள் சொல்லும் பதிலில் குளிரைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது, விளக்கு அணைகிறது. இது ரேசி. விளக்கு அணையவில்லை, கேமராவும் நகரவில்லை, நடப்பதெல்லாம் திரையிலேயே நடக்கிறது என்றால் அது எக்ஸ்ப்ளிசிட். மூன்றாவதைப் போய் ரேசி என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது, இல்லாவிட்டால் நம்மிடம் எதையோ மழுப்புகிறார்.

அகராதியில் "விறுவிறுப்பான, உயிர்ப்புள்ள" என்றும் போட்டிருக்கிறதே, அது தப்பா?

தப்பில்லை, பழைய பொருளே அதுதான். இந்தச் சொல்லின் கதை கொஞ்சம் சுவாரசியமானது என்பதால் நின்று சொல்கிறேன்.

ஓட்டப்பந்தயத்தைக் குறிக்கும் ரேஸிலிருந்து இது வரவில்லை. இனம், வம்சம் என்று பொருள்படும் இன்னொரு ரேஸ் இருக்கிறதல்லவா, அதிலிருந்து வந்தது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஒயினுக்கு ஒரு ரேஸ் உண்டு என்பார்கள், அதாவது எந்த மண்ணில் விளைந்த திராட்சையோ அதற்கே உரிய தனி ருசி. அந்த ருசி தூக்கலாக இருக்கும் ஒயினையும் பழத்தையும் 17-ஆம் நூற்றாண்டில் ரேசி என்றார்கள். ஒயின் சுவைப்பவர்கள் இன்றும் புளிப்பு துள்ளலாக இருக்கும் வெள்ளை ஒயினை, குறிப்பாக ரீஸ்லிங் வகையை, ரேசி என்றுதான் சொல்கிறார்கள். அதில் கிளுகிளுப்பு ஒன்றும் கிடையாது, நாக்கில் சுரீரென்று ஏறும், அவ்வளவுதான்.

அந்த நூற்றாண்டிலேயே சொல் நாக்கிலிருந்து எழுத்துக்கும் தாவிவிட்டது. சுரீரென்று, உயிர்ப்போடு எழுதினால் ரேசி. 1842-இல் டப்ளினில் தொடங்கப்பட்ட தி நேஷன் என்ற பத்திரிகை, அயர்லாந்தில் பொதுக்கருத்தை வளர்த்து அதை "ரேசி ஆஃப் தி சாயில்" ஆக்குவதே தன் நோக்கம் என்று அறிவித்துக்கொண்டது. தமிழில் இதற்கு அகராதியே புரட்ட வேண்டாம், மண்வாசனை வீசுகிற என்று கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு தேசியப் பத்திரிகை தன் லட்சியமாக அறிவித்த சொல் இன்றைக்கு உள்ளாடை விளம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொற்களுக்கும் தலையெழுத்து உண்டு போல.

கிளுகிளுப்பு என்ற பொருள் கடைசியாக ஒட்டிக்கொண்டது, ஏறக்குறைய 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காரசாரமான கதை என்றால் கொஞ்சம் அப்படி இப்படியும் இருக்கும் என்ற நினைப்பிலேயே அது வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் "ஸ்பைசி" என்ற சொல்லும் இதே வழியில்தான் போயிருக்கிறது.

சினிமா விமர்சனத்தில் "ரேசி ஸ்க்ரீன்ப்ளே" என்கிறார்களே, படத்தில் ஒரு முத்தக் காட்சிகூட இல்லையே?

இருக்காது. இந்திய ஆங்கிலத்தில் ரேசி என்றால் பெரும்பாலும் வேகமான, விறுவிறுவென்று ஓடுகிற என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ரேஸ் என்ற சத்தம் காதில் விழுவதால் அந்தப் பொருள் தானாகவே பொருந்திவிட்டது, பழைய "உயிர்ப்புள்ள" என்ற பொருளும் துணைக்கு நிற்கிறது. அதனால் அதைத் தப்பு என்று சொல்லிச் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அதையே பிரிட்டன்காரரோ அமெரிக்கரோ படித்தால் வேறு படத்தைக் கற்பனை செய்துகொள்வார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிறுவர்களுக்கான துப்பறியும் கதை ஒன்றுக்குப் பின்னட்டை வாசகம் ஆங்கிலத்தில் எழுதினார். "முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ரேசி" என்று பெருமையாக முடித்திருந்தார். வெளிநாட்டுப் பதிப்பாசிரியரிடமிருந்து மிகவும் மரியாதையான ஒரு கடிதம் வந்தது, இந்தப் புத்தகம் எந்த வயதினருக்கானது என்று மறுபடி ஒருமுறை உறுதி செய்ய முடியுமா என்று கேட்டு. மனுஷன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் சிரித்து முடித்த பிறகுதான் விளக்கம் சொல்ல முடிந்தது.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க, அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். திரைக்கதை, த்ரில்லர், நடை என்று வந்தால் வேகம். புகைப்படம், காட்சி, பாட்டு வரிகள், உடை, ஜோக், மெசேஜ் என்று வந்தால் கிளுகிளுப்பு. "ரேசி நாவல்" என்றால்தான் சிக்கல், எழுதியவர் யார், எந்த ஊர்ப் பத்திரிகை என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். வேகம் என்றுதான் சொல்ல நினைக்கிறீர்கள் என்றால் "ஃபாஸ்ட் பேஸ்டு" என்றோ "கிரிப்பிங்" என்றோ எழுதிவிட்டுப் போங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ரிஸ்கே என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

கிட்டத்தட்ட. ரிஸ்கே பிரெஞ்சிலிருந்து வந்தது, ரிஸ்க் எடுத்த, துணிந்த என்பது மூலப்பொருள். நம் ஊர்ப் பேச்சில் புழங்கும் அதே ரிஸ்க்தான். ஆங்கிலத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்து சேர்ந்தது.

வித்தியாசம் என்னவென்றால், ரிஸ்கேவுக்கு ஒரு சபை வேண்டும். யாரோ முகம் சுளிக்கக்கூடும் என்ற ஆபத்தைத் தெரிந்தே எடுப்பதுதான் அதன் உயிர். விருந்தில் எழுந்து நின்று ஒருவர் அடிக்கும் ஜோக் ரிஸ்கே. அதே ஜோக்கை நெருங்கிய நண்பர்கள் நாலு பேருக்குள் அடித்தால் அதில் ரிஸ்கே இல்லை, ஏனென்றால் ரிஸ்க் இல்லை. ரேசிக்கு அந்தச் சபை தேவையில்லை, அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் புத்தகம்கூட ரேசியாக இருக்கலாம். அப்புறம், ரிஸ்கேவில் கொஞ்சம் மேட்டுக்குடி வாடை அடிக்கும். பிரெஞ்சுச் சொல்லைப் போட்டால் எதுவும் கண்ணியமாகிவிடும் என்பது ஆங்கிலேயர்களின் நெடுநாள் நம்பிக்கை.

உச்சரிப்பில் "கே" வர வேண்டும். ஆங்கிலத்தில் ஆர், ஐ, எஸ், கியூ, யு, இ என்று எழுதி, கடைசி "இ"யின் மேல் சாய்கோடு போடுவது முறை, போடாமலும் பலர் எழுதுகிறார்கள். "ரிஸ்க்" என்று படித்துவிட்டால் பொருளே மாறிவிடும், "ரிஸ்க்யூ" என்று படிப்பதையும் நான் கேட்டிருக்கிறேன்.

சஜெஸ்டிவ் என்பது இன்னும் மிதமானதா?

மிதம், காரம் என்று பிரிப்பதைவிட, வேலை செய்யும் விதம் வேறு என்று சொல்லலாம். சஜெஸ்டிவ் என்றால் குறிப்பால் உணர்த்துகிற. எதையும் காட்டாது, சொல்லாது, மிச்சத்தை உங்கள் தலையில் போட்டுவிட்டு அப்பாவி போல் நிற்கும். "நான் எதைச் சொன்னேன், நீங்கதான் அப்படி நினைச்சுக்கிட்டீங்க" என்று தப்பிக்க இடம் வைத்திருப்பது எதுவோ அது சஜெஸ்டிவ். தமிழில் இலைமறை காய் என்கிறோமே, அதேதான். ரேசியில் இலை கொஞ்சம் விலகியிருக்கும்.

ஒன்று கவனியுங்கள், சஜெஸ்டிவுக்குக் காமத்தோடு சம்பந்தமே இல்லாத பொருளும் உண்டு. ஒரு ஓவியம் கடலை நினைவூட்டினால் அது கடலை "சஜெஸ்டிவ் ஆஃப்". மருத்துவ அறிக்கையில் இந்த நிழல் இன்ன நோயைக் குறிக்கலாம் என்பதற்கும் இதே சொல்தான். "ஆஃப்" பின்னால் வந்தால் பயப்பட வேண்டாம்.

தனியாக நின்று கிளுகிளுப்பைக் குறிப்பது சினிமாக்காரர்களுக்குப் பழகிய விஷயம். ஹாலிவுட் 1930-இல் தனக்குத்தானே எழுதிக்கொண்ட தணிக்கை விதிகளில், காமம் மிகுந்த முத்தம், தழுவல் இவற்றோடு சேர்த்து "சஜெஸ்டிவ்" நிலைகளும் சைகைகளும் காட்டக்கூடாது என்று ஒரு வரி உண்டு. 1934-இலிருந்து கறாராக அமல்படுத்தினார்கள், 1968-இல் அதை எடுத்துவிட்டு வயது வாரியாகத் தரச்சான்று கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். இந்த இடைப்பட்ட காலத்து இயக்குநர்கள் சஜெஸ்டிவ் கூடாது என்ற விதிக்குள்ளேயே இருந்துகொண்டு சஜெஸ்டிவாகப் படம் எடுப்பதில் கைதேர்ந்தவர்கள் ஆனார்கள். கதவு சாத்துவது, அடுப்பில் தீ எரிவது, ரயில் குகைக்குள் போவது எல்லாம் அந்தக் கைவண்ணம். நம் பக்கத்தில் இரண்டு பூக்கள் உரசிக்கொண்டதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

வீடியோ கேமிலும் டிவி நிகழ்ச்சியிலும் சஜெஸ்டிவ் என்று போடுகிறார்களே, அது என்ன கணக்கு?

அமெரிக்காவில் வீடியோ கேம்களுக்குத் தரச்சான்று தரும் இஎஸ்ஆர்பி 1994-இல் தொடங்கியது. அட்டையின் பின்புறம் "சஜெஸ்டிவ் தீம்ஸ்" என்று போட்டிருந்தால், லேசான தூண்டல் தரும் குறிப்புகளோ சமாச்சாரங்களோ உள்ளே உண்டு என்று பொருள். பதின்வயதினருக்கான கேம்களில் இதை நிறையப் பார்க்கலாம். "செக்ஷுவல் கன்டென்ட்" என்பது அதற்கு மேலே தனிப் பிரிவு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997 முதல் திரையின் மூலையில் எழுத்துகள் வருகின்றன. அதில் "டி" என்ற எழுத்து சஜெஸ்டிவ் டயலாக்கைக் குறிக்கும், அதாவது பேச்சு மட்டும் ஒரு மாதிரி. காட்சிக்கு "எஸ்" என்று தனி எழுத்து இருக்கிறது. இரட்டை அர்த்த வசனத்துக்கென்றே ஒரு எழுத்தை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது அந்த ஊர் வசனகர்த்தாக்களும் சும்மா இல்லை என்று புரிகிறது.

தமிழில் ரேசிக்கு என்னதான் சொல்வது?

இதற்குத்தான் எல்லோரும் வருகிறார்கள், எனவே விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஆபாசம் என்று எழுதாதீர்கள். ஆபாசம் ஒரு தீர்ப்பு. அருவருப்பும் கண்டனமும் அதிலேயே வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே ரேசி என்றதை நீங்கள் ஆபாசம் என்று மாற்றினால், அவர் வாயில் நீங்கள் ஒரு பிரசங்கத்தைத் திணித்துவிட்டீர்கள். விரசம் அதைவிடக் கொஞ்சம் இறங்கிய சொல், ஆனால் அதிலும் "சேச்சே" ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கவர்ச்சி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கவர்ச்சியான திட்டம், கவர்ச்சியான பேச்சு என்றெல்லாம் இருப்பதால் காரம் போதாது. "கவர்ச்சிப் படம்" என்று சேர்த்து எழுதினால் ஓரளவு பொருந்தும், நடிகையின் புகைப்படம் என்று வரும் இடங்களில் நானும் அதைத்தான் போடுகிறேன், ஆனால் நாவலையோ ஜோக்கையோ கவர்ச்சி என்றால் ஒட்டாது. கிளர்ச்சி என்றால் போராட்டம் என்று நினைத்துவிடுவார்கள்.

கிளுகிளுப்பு கிட்டே வருகிறது. எழுத்திலும் போடலாம், பேச்சிலும் வரும், சொல்லும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிடும், ரேசிக்கும் அதேபோலத்தான். "கிளுகிளுப்பான காட்சி", "கிளுகிளுப்பான பாட்டு" எல்லாம் இயல்பாக விழும். இணையத்தில் அஜால் குஜால் என்று எழுதுகிறார்கள், மீமுக்குச் சரி, சப்டைட்டிலுக்கு ஆகாது.

ஆனால் என்னைக் கேட்டால், ரேசிக்கு மிக நெருக்கமான தமிழ் "ஒரு மாதிரி"தான். "படம் எப்படி?" "ம்ம், கொஞ்சம் ஒரு மாதிரி." என்ன மாதிரி என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரிகிறது. எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. "அந்த மாதிரி படம்" என்று ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள், அளவு சட்டென்று ஏறிவிடும், அது ரேசி அல்ல, முழுப்படம். "பலான" இன்னும் ஒரு படி மேலே. பலான என்பதற்கும் மூலத்தில் இன்ன, இன்னார் என்றுதான் பொருள், பெயர் சொல்ல விரும்பாத எதற்கும் போடும் சொல், அது கடைசியில் ஒரே ஒரு விஷயத்துக்கென்று ஒதுங்கிவிட்டது.

சப்டைட்டில் வேலையில் ரேசி என்ற சொல்லோடு எனக்கு வந்த மூன்று வரிகளை நான் எப்படி முடித்தேன் என்பதையும் சொல்கிறேன். மகள் கேட்கும் பாட்டின் வரிகள் அம்மாவுக்கு "டூ ரேசி" ஆகப் படுகின்றன: "என்னடி பாட்டு இது, ஒரு மாதிரி இருக்கு?" என்று போட்டேன். விளம்பரம் "டூ ரேசி" என்பதால் நிறுத்தப்பட்டது என்று செய்தி வாசிப்பவர் சொல்கிறார்: அங்கே "ஒரு மாதிரி" செல்லாது, "எல்லை மீறிய கவர்ச்சி காரணமாக" என்று போனேன். தாத்தா ஒருவர் தன் பழைய காதல் கடிதங்கள் "குவைட் ரேசி" என்று கண்ணடிக்கிறார்: "படிச்சா வெட்கப்படுவே" என்று முடித்துவிட்டேன், ரேசி என்ற சொல்லையே காணோம், ஆனால் தியேட்டரில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள்.

பச்சையாக என்பது?

பச்சையாகப் பேசுவது ரேசி இல்லை, மறைக்காமல் பேசுவது. அது எக்ஸ்ப்ளிசிட் பக்கம் போகும். ஆனால் நிறம் என்று வந்ததால் ஒரு சின்ன விலகல். தமிழில் பச்சை, ஆங்கிலத்தில் ப்ளூ ஜோக், ப்ளூ ஃபிலிம், ஸ்பானிய மொழியில் ஒரு மாதிரியான ஜோக்கைப் பச்சை ஜோக் என்றே சொல்கிறார்கள், சீனத்தில் மஞ்சள், ஜப்பானில் பிங்க் படம். நமக்கு மஞ்சள் பத்திரிகையும் இருக்கிறது. வானவில்லில் யாரும் தொடாத நிறம் மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

சாஸி, நாட்டி, ஸ்டீமி, ராஞ்சி, லூட் எல்லாம் எங்கே வருகின்றன?

சாஸியும் நாட்டியும் குறும்பு. ரேசியைவிட இளசு, சிரிப்பு அதிகம். பிரிட்டனில் கடற்கரை ஊர்களில் விற்ற சாஸி அஞ்சலட்டைகள் ஒரு தனி வகையாகவே பேர்போனவை, கொழுத்த மாமி, சூம்பிப்போன புருஷன், கீழே இரட்டை அர்த்தத்தில் ஒரு வரி. அவற்றை ஆயிரக்கணக்கில் வரைந்த டொனால்ட் மெக்கில்லை 1954-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஆபாச வெளியீட்டுச் சட்டத்தின்படி கோர்ட்டுக்கு இழுத்து 50 பவுண்டு அபராதமும் 25 பவுண்டு செலவும் விதித்தார்கள். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. இன்று அதே அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ரேசி, ஆபாசம் என்ற கோட்டை யார் எந்த ஆண்டில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது எங்கே வேண்டுமானாலும் நகரும் என்பதற்கு இந்த வழக்கைத்தான் நான் எப்போதும் உதாரணமாகச் சொல்வது.

ஸ்டீமி என்றால் உஷ்ணம், சிரிப்பு இல்லை, காதல் நாவல்களில் நிறைய வரும். ராஞ்சியில் நயம் கிடையாது, கொச்சை அதிகம், கல்லூரி விடுதி நகைச்சுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பி, ஏ, டபிள்யூ, டி, ஒய் என்று எழுதும் பாடி பழைய காலத்து நாட்டுப்புறக் கொச்சை, தமிழ் எழுத்தில் எழுதினால் உடம்பு என்றுதான் படிப்பீர்கள், என்ன செய்ய. லூட் என்பதில் கண்டனம் உண்டு, கோர்ட்டிலும் போலீஸ் அறிக்கையிலும் வரும். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பாதிரியார் அல்லாத சாமானியன் என்றுதான் பொருள், பிறகு படிக்காதவன், பிறகு கீழானவன், கடைசியில் காமுகன். சாமானியனுக்கு வந்த சோதனை.

ஆஃப் கலர் என்பதில் மட்டும் ஜாக்கிரதை. ஆஃப் கலர் ஜோக் என்றால் சபைக்கு ஒவ்வாத ஜோக். ஆனால் பிரிட்டன்காரர் "நான் இன்று ஆஃப் கலர்" என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை, வேறொன்றும் இல்லை.

கூகுளும் மைக்ரோசாஃப்டும் படங்களுக்கு "ரேசி" மதிப்பெண் தருகிறார்களாமே?

ஆமாம், இன்று இந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துவது மனிதர்களா மெஷின்களா என்பதே எனக்குச் சந்தேகம். கூகுளின் விஷன் சேவைக்கு ஒரு படத்தைக் கொடுத்தால் சேஃப்சர்ச் என்ற பகுதி ஐந்து தலைப்புகளில் பதில் தரும்: அடல்ட், ஸ்பூஃப் (கேலிக்காக மாற்றிய படம்), மெடிக்கல், வயலன்ஸ், ரேசி. ஒவ்வொன்றுக்கும் "வெரி அன்லைக்லி" முதல் "வெரி லைக்லி" வரை ஐந்து படிகள். மெல்லிய அல்லது குறைந்த உடை, சாமர்த்தியமாக மறைத்த நிர்வாணம், தூண்டும் நிலைகள், உடலின் சில பகுதிகளின் நெருக்கமான படம் இவையெல்லாம் ரேசியில் சேரும் என்று அவர்களே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் சேவையில் அடல்ட், ரேசி, கோரி (ரத்தக் கோரம்) என்று மூன்று, 0 முதல் 1 வரை மதிப்பெண். ஆக, அடல்ட் என்ற பெட்டிக்குள் போகாத ஆனால் சும்மாவும் விட முடியாத படங்களைப் போட்டு வைக்கத்தான் அவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு இதில் உள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். சபையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, சிரிப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய ஒரு சொல்லைத் தோலின் பரப்பளவை வைத்து மெஷின் முடிவு செய்கிறது. 2023-இல் கார்டியன் பத்திரிகையில் இரண்டு பேர் இதைச் சோதித்து எழுதினார்கள். பெண்களின் சாதாரணப் படங்களுக்கு, கர்ப்பிணியின் வயிறு தெரியும் படத்துக்குக்கூட, ரேசி மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. அவர்களில் ஒருவர் ஆண். சட்டையில்லாமல் நீளக் கால்சட்டையோடு நின்றார், மதிப்பெண் 22 சதவீதத்துக்கும் கீழே. அதே ஆள் மேலே ஒரு பிரா அணிந்துகொண்டார், அதாவது முன்பைவிட உடம்பை அதிகமாக மறைத்தார், 97 சதவீதம் ஆகிவிட்டது. அப்படிக் குறி விழுந்த படங்களைச் சமூக ஊடகங்கள் அதிகம் பேருக்குக் காட்டாமல் அமுக்கிவிட வாய்ப்புண்டு என்பதுதான் அவர்களின் கவலை. நியாயமான கவலை.

ஒரு செயலியின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை எனக்கு ஒருமுறை வந்தது. ரேசி என்ற பிரிவுக்கு எனக்கு முன்னால் யாரோ "ஆபாசப் படம்" என்று போட்டிருந்தார்கள். நீச்சல் போட்டியில் பதக்கம் வாங்கிய படத்தைப் போட்டவருக்கு "உங்கள் ஆபாசப் படம் மறைக்கப்பட்டுள்ளது" என்று அறிவிப்பு போனால் அவர் மனம் என்ன பாடுபடும்? "சிலருக்கு ஒவ்வாத படமாக இருக்கலாம்" என்று மாற்றி அனுப்பினேன். நீளம் அதிகம், பொத்தானில் அடங்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் "கவர்ச்சி" என்று முடிந்தது. எனக்கு அரைத் திருப்திதான்.

ஒரு ஆளைப் பார்த்து ரேசி என்று சொல்லலாமா?

வழக்கமில்லை. ஆள் உருவாக்கியது, அணிந்தது, சொன்னது, அனுப்பியது ரேசியாக இருக்கும். ஆளையே சொன்னால் ஆங்கிலக் காதுக்குக் கொஞ்சம் இடிக்கும், சொல்லப்பட்டவருக்கும் பிடிக்காது.

இந்தச் சொல்லை எங்கே போடவே கூடாது?

ஒருவருடைய அந்தரங்கப் படங்களை அவர் சம்மதமில்லாமல் யாரோ வெளியிட்டுவிட்டார்கள் என்ற செய்தியில் "ரேசி போட்டோஸ் லீக்" என்று தலைப்பு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடந்தது குற்றம், ஆனால் தலைப்பு கண்ணடிக்கிறது. இந்தச் சொல்லுக்குள் இருக்கும் சிரிப்பு அங்கே பாதிக்கப்பட்டவர் மீது விழுகிறது. "அந்தரங்கப் படங்கள்" என்று எழுதினால் போதும், தமிழிலும் அப்படியே. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் சம்பந்தப்பட்டது எதற்கும் ரேசி என்ற சொல்லுக்கு இடமே கிடையாது, அது துஷ்பிரயோகம், அதற்கான பெயரிலேயே அதைக் குறிப்பிட வேண்டும்.

ரேசி என்றால் இனவெறி என்று நினைத்தேன்...

அது ரேசிஸ்ட். மூலச் சொல் ஒன்றுதான் என்பதால் உங்கள் மேல் தப்பில்லை, ஆனால் ஜோக்கை ரேசி என்பதற்கும் ரேசிஸ்ட் என்பதற்கும் நடுவே ஒருவரின் வேலையே போகும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மின்னஞ்சலில் எழுதும்போது தானியங்கித் திருத்தம் என்ன செய்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ரேசியர், ரேசியஸ்ட் என்றெல்லாம் வருமா?

வரும். பெயர்ச்சொல் ரேசினஸ், அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை, மெஷின் மதிப்பெண் பற்றிய கட்டுரைகளில்தான் அதிகம் பார்க்கிறேன். பேச்சில் வெறுமனே ரேசி என்பதைவிட "எ பிட் ரேசி", "ராதர் ரேசி" என்று முன்னால் ஒரு மெத்தை போட்டுத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். நம் "கொஞ்சம்" ஒரு மாதிரிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதேபோல.

அலுவலகத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

சொல்லில் அழுக்கு எதுவும் கிடையாது, செய்தியிலும் கூட்டத்திலும் தாராளமாக வரும். "இந்த விளம்பரம் கொஞ்சம் ரேசியாக இருக்கிறது, வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா?" என்று கேட்பது சாதாரணமான வேலைப் பேச்சு. ஆனால் சக ஊழியரின் உடையைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள், ரேசி என்றும் வேண்டாம், ரேசி இல்லை என்றும் வேண்டாம்.